நடையில் ரேடியேட்டர் இல்லை, பாய்லருக்கு ஓய்வும் இல்லை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒன்றே). வாசலையொட்டிய நடைக்குப் பெயின்ட் அடிக்க, அங்கிருந்த ரேடியேட்டரின் இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு நானே கழற்றினேன். அன்றிலிருந்து ஹீட்டிங் நிற்கவே இல்லை. தெர்மோஸ்டாட்டை 20-இல் வைத்தால் 17-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. மேலே படுக்கையறைகளில் வெக்கை தாங்காமல் அங்குள்ள வால்வுகளை 2-க்குக் குறைத்தேன். இப்போது பாய்லர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரிகிறது. பாய்லரின் தண்ணீர் பிரஷரும் இரண்டு நாளில் 1.3 பாரிலிருந்து 0.8-க்கு வந்துவிட்டது. பாய்லர் கெட்டுவிட்டதா?

பாய்லரைக் குறை சொல்ல இப்போதைக்கு எதுவும் இல்லை. உங்கள் தெர்மோஸ்டாட் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக அதே நடையில்தான் இருக்கும். பிரிட்டனில் பல வீடுகளில் இதுதான் ஏற்பாடு. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டருக்கு மட்டும் எண் போட்ட தானியங்கி வால்வு (அறை சூடானதும் தானாக மூடிக்கொள்வது) வைக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றோடொன்று மோதும்: தெர்மோஸ்டாட் சூடு கேட்கும்போதே வால்வு மூடிக்கொள்ளலாம். நீங்கள் கழற்றியது அந்த ரேடியேட்டரைத்தான். இனி நடை சூடாக வழியில்லை; தெர்மோஸ்டாட் பாவம், இன்னும் குளிர்கிறது என்றே பாய்லருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த ரேடியேட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மற்ற அறைகளின் வால்வுகள் எல்லாம் மூடிக்கொண்டாலும் பம்ப் தள்ளும் தண்ணீர் சுற்றிவர ஒரு திறந்த பாதை அது. அதுவும் போய், நீங்கள் மேல்மாடி வால்வுகளையும் குறைத்ததால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பாய்லருக்குள்ளேயே சூடு ஏறுகிறது, அது தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது, ஆறியதும் மறுபடி எரிகிறது.

வயரில்லாத தெர்மோஸ்டாட் என்றால் அதை வரவேற்பறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த அறை ரேடியேட்டர் வால்வின் பிளாஸ்டிக் தலையைக் கையால் திருகிக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஊசி மேலெழுந்து வால்வு திறந்தே இருக்கும். ஒரே நகர்த்தலில் இரண்டு தொல்லையும் தீரும். தெர்மோஸ்டாட் சுவரோடு வயரில் இருந்தால், அந்தத் தலையை மட்டும் கழற்றிவிட்டு, சில நாட்களுக்கு ஹீட்டிங்கை டைமரில் ஓட்டுங்கள்.

பிரஷர் குறைவது தனிக் கதை, எனக்கு அதுதான் அதிகக் கவலை. இரண்டு வால்வும் ஒழுங்காக மூடியிருந்தால், ரேடியேட்டர் போன பின் பிரஷர் இறங்கவே கூடாது. ஏதோ ஒரு வால்வு கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டின் வாயிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். நனைந்தாலும் நனையாவிட்டாலும், பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிளாங்கிங் கேப்பை (வால்வின் வாயை அடைக்கும் மூடி) இரண்டிலும் திருகிவிடுங்கள். குழந்தைகள் நடமாடும் நடையில் மூடியில்லாத வால்வை நம்பி விடக் கூடாது. (எண் போட்ட வால்வுள்ள ரேடியேட்டரைக் கழற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பனிப்பூ அடையாளத்தில் வைத்தால் மூடிவிட்டது என்று நினைப்பார்கள். கடுங்குளிரில் அது தானாகத் திறக்கும், தரைவிரிப்பு நாசமாகும்.) டிஷ்யூ காய்ந்திருந்தும் பிரஷர் இறங்கினால் கசிவு வேறெங்கோ இருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். பாய்லர் மூடியைத் திறக்கும் வேலை என்றால் கேஸ் சேஃப் (பிரிட்டனின் எரிவாயு வேலைக்காரர் பதிவேடு) பதிவு பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு வால்வையும் திறந்து, ஹீட்டிங்கை அணைத்த நிலையில் மேலே இருக்கும் சிறு சாவித் துளை வழியாகக் காற்றை வெளியேற்றுங்கள். அப்போது பிரஷர் இறங்குவது சகஜம். குளிர்ந்த நிலையில் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் வரும்வரை நிரப்பி, நிரப்பும் குழாயின் வால்வை மறக்காமல் மூடுங்கள். இரண்டில், கையால் திருக முடியாதபடி பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும் வால்வை (லாக்‌ஷீல்டு) முன்பு எத்தனை சுற்றுச் சுற்றி மூடினீர்களோ அத்தனை சுற்றுதான் திறக்க வேண்டும். எண்ணவில்லையா? அரைச் சுற்றில் தொடங்கி, ரேடியேட்டர் நிதானமாகச் சூடாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முழுக்கத் திறந்தால் தூரத்து அறைகளுக்குப் போக வேண்டிய தண்ணீரையும் நடையே இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், ரேடியேட்டரை உள்ளே கொண்டுவரும் முன் தோட்டத்துக் குழாயில் நன்றாக அலசுங்கள். உள்ளே தங்கியிருக்கும் கறுப்புச் சேறு ஒரு சொட்டுச் சிந்தினாலும் புதுப் பெயின்டில் கறை படிந்துவிடும்.