டம்ளரில் ‘டம்ளர்’ என்று பெயர் வெட்டலாமா?

கேள்வி (வாசகி, துரைப்பாக்கம்): கோடில் எந்த மாறிக்கும் டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) எழுதிவிட வேண்டும் என்றுதான் கல்லூரியில் பழக்கினார்கள். இப்போதைய டீமில் டைப்ஸ்கிரிப்ட் (டைப் எழுத வசதியுள்ள ஜாவாஸ்கிரிப்ட்). அதில் ‘லெட் முயற்சி: நம்பர் = 0’ என்று எழுதினால், கோடில் குறை சுட்டும் கருவியான ஈஎஸ்லின்ட் அடிக்கோடு போடுகிறது. சீனியரும் “அந்த நம்பரை எடும்மா” என்கிறார். கவனமாக எழுதுவது தப்பா சார்?

சீனியர் பக்கம்தான் நான். சமன் குறிக்கு வலது பக்கம் 0 உட்கார்ந்திருக்கிறது. அது எண் என்று டைப்ஸ்கிரிப்டுக்குத் தெரியும். நாளைக்கு ரிவ்யூவில் படிக்கப்போகிற என்னைப் போன்ற ஆளுக்கும் தெரியும். எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டக் கொடுத்தால் யார் வீட்டுடையது என்று வெட்டுவார்கள். ‘டம்ளர்’ என்றா வெட்டுவார்கள்? உங்களைக் கண்டித்த விதிக்கு ‘நோ-இன்ஃபரபிள்-டைப்ஸ்’ என்று பெயர். எண், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), பூலியன் (உண்மை அல்லது பொய்) போன்ற எளிய மதிப்பை நேராகக் கொடுத்துவிட்டு, கூடவே டைப்பையும் எழுதினால்தான் அது வாயைத் திறக்கும்.

இடத்தை அடைப்பதோடு போனால் நானும் சும்மா இருந்துவிடுவேன். சில இடங்களில் கெடுதலே வருகிறது. ரயில் டிக்கெட் நிலையைக் கையாளும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ‘உறுதி’, ‘காத்திருப்பு’ என்ற இரண்டு சொல்லைத் தவிர எதையும் ஏற்காது. ‘கான்ஸ்ட் நிலை = "உறுதி"’ என்று எழுதினால், அதன் டைப் ‘உறுதி’ என்ற அந்த ஒரு சொல்லேதான் என்று கம்பைலர் (கோடைச் சரிபார்த்து மாற்றித் தரும் மென்பொருள்) குறித்துக்கொள்ளும். ஃபங்ஷனிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். நீங்கள் பொறுப்பாக ‘கான்ஸ்ட் நிலை: ஸ்ட்ரிங் = "உறுதி"’ என்று எழுதினீர்களோ, போச்சு. ஏதோ ஒரு ஸ்ட்ரிங் என்று அகலப்படுத்திவிட்டீர்கள். அதே ஃபங்ஷன் இப்போது உங்களை வாசலிலேயே நிறுத்தும். கம்பைலருக்குத் தெரிந்ததை நாமே கையால் அழித்த கதை இது. ஆப்ஜெக்ட் சரியான அமைப்பில் இருக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும், நுணுக்கமான டைப்பும் தொலையக் கூடாது என்றால் ‘சாட்டிஸ்ஃபைஸ்’ என்ற சொல் இருக்கிறது. 2022 நவம்பரில் டைப்ஸ்கிரிப்ட் 4.9-இல் வந்தது.

கேள்வி (வாசகர், அம்பத்தூர்): அப்படியானால் டைப்பே எழுத வேண்டாமா? எங்கள் லீட் ஃபங்ஷன் ரிட்டர்ன் டைப் (ஃபங்ஷன் திருப்பித் தருவதன் வகை) உட்பட எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டார். “கம்பைலர் பார்த்துக்கும்பா” என்கிறார்.

உங்கள் லீட் கொஞ்சம் வேகமான ஆள் போல. வெறும் ‘[]’ என்று தொடங்கும் பட்டியலுக்குள் என்ன வரப்போகிறது என்பதைப் படிக்கிறவர் எப்படி அறிவார்? அங்கே டைப் எழுதுங்கள். மேலே சொன்ன விதியும் அதைக் கண்டுகொள்ளாது.

ரிட்டர்ன் டைப் சமாச்சாரம் இன்னும் பெரியது. எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷனில், ஆறு மாதம் கழித்து ஒரு புதுப் பையன் ஒரு ‘இஃப்’ சேர்த்து வெறும் ‘ரிட்டர்ன்’ போடுகிறான். டைப் எழுதியிருந்தால் அவன் கை வைத்த இடத்திலேயே பிழை காட்டும். எழுதாவிட்டால் ‘நம்பர் அல்லது அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை)’ என்று கம்பைலர் அமைதியாக மாற்றிக்கொள்ளும். அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற ஃபைல்களில், சம்பந்தமே இல்லாதவர் தலையில் பிழை விடியும். ஃபைலுக்குள்ளேயே புழங்கும் குட்டி ஃபங்ஷன்களை விட்டுவிடலாம். மற்ற ஃபைல்கள் பயன்படுத்த எக்ஸ்போர்ட் ஆகிறவற்றுக்குக் கட்டாயம் எழுதுங்கள். அதைக் கண்காணிக்க ‘எக்ஸ்ப்ளிசிட்-மாட்யூல்-பௌண்டரி-டைப்ஸ்’ என்று தனி விதியே உண்டு. 2024-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.5-இன் ‘ஐசொலேட்டட் டிக்ளரேஷன்ஸ்’ அமைப்பை இயக்கினால், எக்ஸ்போர்ட்டில் மேலோட்டமாகப் பார்த்தே டைப் சொல்ல முடியாத இடங்களில் கம்பைலரே எழுது என்று கேட்கும்.

இன்னொன்று. சர்வர் அனுப்பும் எழுத்தை டேட்டாவாக மாற்றும் ‘ஜேசன்.பார்ஸ்’ கொடுப்பதற்குப் பக்கத்தில் ‘பயணி’ என்று டைப் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். அது ‘எனி’ (எதுவாகவும் இருக்கலாம்) என்ற டைப்பில் வருகிறது. நீங்கள் என்ன எழுதினாலும் தலையாட்டும். சர்வர் வேறு எதையாவது அனுப்பினால் ஓடும்போதுதான் குட்டு உடையும். அங்கே தேவை நிஜமான சோதனை.

கேள்வி (வாசகர், வேளச்சேரி): பழைய ப்ராஜெக்டில் இந்த ‘நோ-இன்ஃபரபிள்-டைப்ஸ்’ எச்சரிக்கை நூற்றுக்கணக்கில் வருகிறது. உட்கார்ந்து திருத்தவா?

வேண்டாம். ‘--ஃபிக்ஸ்’ கொடுத்தால் ஈஎஸ்லின்ட்டே அழித்துவிடும். அதைத் தனி கமிட்டாக (சேமித்த ஒரு மாற்றமாக) போடுங்கள். வேறு வேலையோடு கலந்தால் ரிவ்யூ செய்கிறவர் சாபம் விடுவார். அந்தக் கமிட் எண்ணை, மாற்றங்களின் வரலாறு வைக்கும் கிட்டின் ‘இக்னோர் ரெவ்ஸ்’ ஃபைலில் சேர்த்துவிட்டால் ‘பிளேம்’ (எந்த வரியை யார் மாற்றினார் என்ற பட்டியல்) பார்க்கும்போது உங்கள் பெயர் குறுக்கே வராது. இப்படிப்பட்ட விஷயத்தை மனிதர்கள் ரிவ்யூவில் சுட்டிக்காட்டுவதே எனக்குப் பிடிக்காது. ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அரைப்புள்ளி வேண்டுமா கூடாதா என்று டீ ஆறும்வரை சண்டை நடக்கும். இப்படிக் குறை சுட்டும் கருவிகளுக்கு முன்னோடியான ‘லின்ட்’டை சி மொழிக்காக பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் ஜான்சன் எழுதியது 1978-இல். அதற்கப்புறமும் இந்தச் சண்டையை நாம் வாயால் போட வேண்டுமா?

கேள்வி (வாசகர், தாம்பரம்): நான் ஜாவா ஆள். டைப் எழுதாமல் மாறியைத் தொடங்கும் ‘வார்’ பயன்படுத்தலாமா?

2018 மார்ச்சில் ஜாவா 10-இல் வந்தது. ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளுக்கு மட்டும். வலது பக்கத்தில் ‘நியூ’ போட்டு டைப் பெயர் தெரிந்தால் தாராளமாக எழுதுங்கள். ‘வார் முடிவு = சேவை.செய்()’ மாதிரி இடத்தில் வேண்டாம். உங்கள் எடிட்டரில் மவுஸை வைத்தால் டைப் தெரியும். பிரவுசரில் ரிவ்யூ செய்கிறவருக்குப் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. ‘வார் பட்டியல் = நியூ அரேலிஸ்ட்<>()’ என்று காலி அடைப்போடு மட்டும் எழுதிவிடாதீர்கள். உள்ளே எதை வேண்டுமானாலும் போடக்கூடிய ‘ஆப்ஜெக்ட்’ பட்டியல்தான் கிடைக்கும்.