பாம்பு கடித்தால் கயிறு வேண்டாம், வண்டி வேண்டும்

கேள்வி: பெங்களூரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். திருப்பத்தூரிலிருந்து வந்திருக்கும் அப்பா தினமும் விடியும் முன்பே ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறார், அதுவும் ரப்பர் செருப்போடு. போன வாரம் அந்தப் பாதையில் ஒரு கண்ணாடி விரியனைப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவோ, "கடிச்சா கட்டுப் போட்டுக் கீறிவிட்டாச் சரி" என்று சட்டைப் பையில் கயிறும் பிளேடும் வைத்துக்கொள்கிறார். உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாக அந்தக் கயிற்றையும் பிளேடையும் வாங்கி வைத்துவிடுங்கள். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அந்தக் காலில் பிளேடு பட்டால் ரத்தம் நிற்காமல் ஒழுகும். இறுக்கிக் கட்டினால், ஏற்கனவே வீங்கும் கால் ரத்த ஓட்டமும் இல்லாமல் கெடும். யாராவது முன்பே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். மருத்துவமனையில் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர்கள் அவிழ்ப்பார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. கடிபட்டவர் பின்னால் நிற்க, நண்பர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவார். உள்ளே அடித்துக் கொன்ற பாம்பு. அதைத் தேடி அடித்ததில் அரை மணி நேரம் போயிருக்கும். செத்த பாம்பின் தலைகூடக் கடிக்கும். எங்களுக்கு அந்தப் பை தேவையே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது மாமல்லபுரம் பக்கத்தில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கயிற்றை நம்பும் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, கடித்துவிட்டது. பாம்பை விட்டு நகர்ந்து அவரை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். செருப்பு, மெட்டி, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல, சுருட்டிய செய்தித்தாளையோ கட்டையையோ வைத்துத் துப்பட்டாவால் தளர்வாகக் கட்டி, கால் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதென்று ஆஸ்பிரின், புரூஃபன் கொடுக்காதீர்கள். பிறகு 108. அது வரத் தாமதமானால் கிடைத்த ஆட்டோ, கார், எதுவானாலும் சரி. சர்ஜாபூர் சாலை நெரிசலில் பைக்தான் வழி என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் அவரை உட்கார வையுங்கள். செக்யூரிட்டியிடமோ ஆம்புலன்ஸ் ஆளிடமோ கன்னடத்தில் "ஹாவு கச்சிதே" என்றால் போதும்.

எந்த மருத்துவமனை என்பதைக் கடித்த பிறகு யோசிக்கக் கூடாது. இன்றைக்கே பக்கத்தில் உள்ள இரண்டு பெரிய மருத்துவமனைகளுக்குப் போன் செய்து கேளுங்கள்: விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா, ராத்திரியிலும் கொடுப்பார்களா, வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உண்டா? கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதனால்தான் டயாலிசிஸ். தெருமுனை கிளினிக்குக்குப் போனால் அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

அங்கே போனதும் 2 மில்லி ரத்தத்தை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இவ்வளவு எளிய பரிசோதனையா என்று சந்தேகப்படாதீர்கள், நான் பெரிதும் நம்புவது இதைத்தான். ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், இருங்கள். கர்நாடகத்தில் 2024 முதல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்பதால் அவர்கள் விவரம் எழுதிக்கொண்டால் பயப்பட வேண்டாம்.

நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. கணுக்கால் மூடும் ஷூ, கையில் டார்ச், பாதையின் நடுவில் நடை. புல்லுக்குள்ளிருந்து குக்கர் ஆவிபோல உஸ்ஸென்று நீளமாகச் சீறினால் அது அநேகமாகக் கண்ணாடி விரியன். அப்படியே நின்று, பின்வாங்குங்கள். தடித்த உடம்பில் சங்கிலிபோல வட்டங்கள் இருப்பதால் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துப் பக்கத்தில் போய் செல்ஃபி எடுப்பவர்கள் உண்டு. பூண்டு, பினாயில் தெளிப்பதெல்லாம் வீண். குப்பை இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும்.

இன்னொன்று. உங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஷெட்டில் தரையில் படுக்கிறாரா என்று பாருங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில் தூங்குபவரைத்தான் கடிக்கும். பல நேரம் கடித்த தடமே தெரியாது, வலியும் இராது. விடியும்போது வயிற்றுவலி, திறக்க முடியாத கண் இமை, குழறும் பேச்சு என்று ஆரம்பிக்கும். ஒரு கட்டிலும், மெத்தைக்கடியில் செருகிய கொசுவலையும் அவருக்கு வாங்கிக் கொடுக்க அசோசியேஷனிடம் சொல்லுங்கள்.