வினைச்செயல் தொகுதி என்றால் என்ன? உயிர் மூலக்கூறுகளில் அதற்கு என்ன வேலை?

உயிர் மூலக்கூறுகளின் சட்டகம் கார்பன். அதில் ஒட்டியிருந்து குணத்தைத் தீர்மானிக்கும் சிறு அணுக்கூட்டமே வினைச்செயல் தொகுதி. கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களை ஏறக்குறைய சமமாகப் பகிர்வதால் அங்கே எளிதில் வினை நடக்காது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் அவற்றைத் தம் பக்கம் இழுக்கும். வினை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஈத்தேன் ஒரு வாயு. அதன் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதி) வந்தால், நீரில் கலக்கும் எத்தனால் திரவம். எவ்வளவு பெரிய மாற்றம்!

ரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கிபோல, ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் (COOH) தொகுதி அடுத்ததன் அமினோ (NH₂) தொகுதியோடு இணைகிறது. ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. 20 வகை அமினோ அமிலங்கள் இப்படிக் கோர்க்கப்பட்டே புரதங்கள் உருவாகின்றன.

ஹைட்ராக்சில் இருந்தாலே காரம் என்று பலர் எண்ணுவது தவறு: குளுக்கோசில் 5 இருந்தும், அவை மின்னூட்டமுள்ள அயனியாகப் பிரியாமல் கார்பனோடு பிணைந்தே நிற்பதால் அது காரமல்ல.