தாராசுரம் பக்கம் வீடு வாங்கலாமா?

கேள்வி: ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் நான். வயது 66, மனைவிக்கு 61. தாம்பரத்தில் வாடகை வீடு. பென்ஷன் 46,000, வங்கியில் 52 லட்சம். கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 44 லட்சத்துக்கு வீடு சொல்கிறார்கள். இரண்டாவது வீடும் வாங்கினால் 9 சதவீத வாடகை உத்தரவாதம் என்கிறார் விற்பனையாளர். பராமரிப்பும் இருவர் சாப்பாடும் மாதம் 22,000. இளைய மகனின் கடைக்காக என் பெயரில் வாங்கிய பென்ஷன் கடனுக்கு 18,500 பிடித்தம் போகிறது. முடியும் சமயத்தில் அதன் மேலேயே மறுபடி கடன் வாங்கி, அதாவது டாப்-அப் போட்டுக் கொடுப்பேன். 9 வருடமாக இப்படித்தான். வீடு வாங்கலாமா?

பதில்: பத்திரம், வில்லங்கம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த டாப்-அப் கையெழுத்துதான்.

46,000-ல் 18,500 போனால் 27,500. அங்கே 22,000 கட்டினால் மிச்சம் 5,500. அதற்குள் மருந்து, கரண்ட், போன், சென்னைக்கு வந்துபோகும் செலவு. 52 லட்சத்தில் வீட்டுக்கு 44, பதிவுக்கும் சாமான்களுக்கும் மூன்று நான்கு போனால் கையில் நான்கைந்து லட்சம்தான். 9 வருடத்தில் மகன் கடைக்குப் போனது ஏறக்குறைய 18 முதல் 20 லட்சம். கிட்டத்தட்ட பாதி வீடு!

அப்புறம், உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கில்தான் வரும். உங்கள் பென்ஷன் அந்தச் சம்பளத்தில் பாதி என்பதால், இன்றைய 46,000 சுமார் 27,000 ஆகிவிடும். அந்த 22,000-மோ ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 9 வருடத்தில் இரட்டிப்பு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா?

தாராசுரத்தை விடச் சொல்லவில்லை. அங்குள்ள ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தின் முன்னால் காலையில் நின்றவருக்கு அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றுவது எனக்கும் தெரியும். ஆனால் வாங்காதீர்கள், வாடகைக்குப் போங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் இன்றைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500. தாம்பரத்தில் கொடுக்கும் வாடகையையே அங்கே கொடுத்துவிடலாம். அசல் உங்களிடமே இருக்கும். பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். வாங்கிவிட்டால், 55, 60 தாண்டியவர்தான் குடியேறலாம் என்ற விதி உள்ள வீட்டை அவசரத்துக்கு யாரிடம் விற்பது?

விற்பனையாளர் 'இரண்டாவது வீடும் வாங்குங்கள், 9 சதவீத வாடகை உத்தரவாதம்' என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அந்த வாடகையை முன்கூட்டியே விலையில் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள்.

மார்கழிக் குளிரில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம் தங்குங்கள். நான் போன ஒரு குடியிருப்பில் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. கண்ணாடி முழுக்கக் காய்ந்த வேப்பிலை. டிரைவர் ஊரில் இல்லை என்றார் காவலாளி. நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் யார் வண்டி எடுப்பார், 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், படுக்கையில் விழுந்துவிட்டால் அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, அதற்கு மாதம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் முதலில் மகனிடம் பேசுங்கள். அடுத்த மாதத்திலிருந்து 18,500-ஐ அவர் உங்கள் கணக்கில் போடட்டும். முடியாது என்றால் பாதியாவது. இந்தக் கடன் முடியும்போது டாப்-அப் படிவம் வரும். அதில் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தை அதற்கப்புறம் பார்க்கலாம்.