வறட்சிக் காலத்தில் மழைக்காக மன்றாடுவது எப்படி நம்பிக்கையின் செயலாகிறது?

மழைவேண்டல் என்பது, தம் கைக்கு எட்டாத ஒன்றுக்காக மக்கள் ஒன்றுகூடி இறைவனிடம் கையேந்துவதாகும். கிணறு தோண்டலாம், குளத்தைத் தூர்வாரலாம்; வானத்தைத் திறப்பது மட்டும் நம் வசம் இல்லை. அந்த இயலாமையை ஒப்புக்கொண்ட பிறகும் சோர்ந்துவிடாமல் கேட்பதே இதை நம்பிக்கையின் செயலாக்குகிறது.

இஸ்லாத்தில் இதற்கென்றே 'இஸ்திஸ்கா' என்னும் 2 ரக்அத் (நிற்றல், குனிதல், சிரம்பணிதல் அடங்கிய தொழுகைச் சுற்று) தொழுகை உண்டு. அதற்கு முன் பாவமன்னிப்புக் கோருவதும், தருமம் செய்வதும், பகைத்தவரோடு இணங்குவதும் வலியுறுத்தப்படுவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், வானம் மாற வேண்டும் என்று கேட்பவர் முதலில் தாம் மாற முன்வருகிறார். யூத, கிறித்தவ மரபுகளில், இறைவாக்கினர் எலியா கர்மேல் மலையில் மன்றாடியபோது, கடலை நோக்கிப் பார்த்துவர அனுப்பப்பட்ட பணியாளனுக்கு 7ஆம் முறைதான் உள்ளங்கையளவு மேகம் தென்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு முறையும் 'ஒன்றுமில்லை' என்று கேட்டும் அவர் மன்றாடுவதை விட்டுவிடவில்லை.

மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் உழவரை எண்ணிப் பாருங்கள்: அவருடைய விதைப்பு மழையை உண்டாக்குவதில்லை, ஆயினும் மழை வரும் என்று நம்பித் தம்மிடமுள்ள விதையை அவர் மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறார்.

மழை பெய்யாவிட்டால் கேட்டவர்களின் நம்பிக்கை குறைவு என்று பலர் எண்ணுவது தவறு. பெய்யாதபோது இஸ்திஸ்கா தொழுகையை மீண்டும் தொழலாம் என்றே இஸ்லாமிய அறிஞர்கள் கூறுகின்றனர்.