ஞாயிறு வேலை தண்டலுக்கே போகிறது

கேள்வி: திருப்பூரில் 14 மெஷின் போட்டு பவர் டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறேன். வயது 41. மாதம் 3 லட்சம் வரை பில் போடுகிறோம். கம்பெனியிலிருந்து பணம் வர 75 நாளாகிறது. சனிக்கிழமை சம்பளத்துக்குத் தினம் கட்டும் தண்டல் கடன் வாங்கிச் சமாளிக்கிறேன், இப்போது மூன்று ஓடுகிறது. தினமும் ஒன்றரை ஷிப்ட், மாதத்தில் மூன்று ஞாயிறும் வேலை. பத்தாவது படிக்கும் மகளுடன் உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லை. 25,000 சம்பளத்தில் ஒரு மேனேஜரைப் போட்டுவிட்டு, எஸ்.டபிள்யூ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் போட்ட பணத்தை மாதாமாதம் எடுக்கும் திட்டம்) மூலம் மாத வருமானத்துக்கு வழி செய்தால் 50 வயதில் ஓய்வெடுக்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: மேனேஜரும் வேண்டாம், எஸ்.டபிள்யூ.பி.யும் இப்போதைக்கு வேண்டாம். இன்ஸ்டாகிராமில் இன்றைக்கு எல்லோரும் அதைத்தான் விற்கிறார்கள். கையில் பெரிய தொகை இருப்பவர் மாதாமாதம் எடுத்துச் சாப்பிடும் ஏற்பாடு அது. உங்களிடம் அந்தத் தொகை இருக்கிறது, ஆனால் கம்பெனியின் பாக்கியில் இருக்கிறது. மாதம் 3 லட்சம், 75 நாள் பாக்கி என்றால் ஏழரை லட்சம். அதை வட்டியில்லாமல் அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே வட்டிக்கு வாங்குகிறீர்கள்.

அந்த வட்டி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு லட்சத்துக்கு 85,000 கையில் வாங்கி, தினம் 1,000 வீதம் 100 நாள் கட்டுகிறீர்கள். 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது பாதிப் பணம், ஏறக்குறைய 45,000. அதற்கு 100 நாளில் 15,000 என்றால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும். மூன்று தண்டலுக்கும் சேர்த்து மாதம் 13,500 போகிறது.

நீங்கள் அனுப்பிய கணக்கின்படி, ராத்திரியும் ஞாயிறும் ஓட்டி வரும் பில் சுமார் 60,000. இரட்டைச் சம்பளம், கரண்ட், டீ, பரோட்டா, பெண்களுக்கு ஆட்டோ எல்லாம் போக மிஞ்சுவது 14,000. தண்டல்காரர் வாங்குவதும் கிட்டத்தட்ட அதே தொகைதான். மகளோடு சாப்பிட நேரமில்லாமல் நீங்கள் ஓட்டும் மெஷின் அவருக்காக ஓடுகிறது. சாயங்காலம் அவர் நோட்டோடு வருவார் என்பதால் யூனிட்டை விட்டு நகரவும் முடிவதில்லை.

ஓடுகிற தண்டலை நடுவில் அடைத்தால் வட்டி குறைப்பாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் அப்படியே முடியட்டும், அவசரப்பட்டு அடைப்பதில் லாபமில்லை. புதிதாக மட்டும் எடுக்காதீர்கள். அந்த இடைவெளிக்கு வீட்டு நகையில் கொஞ்சத்தை வங்கியில் வைத்து 2 லட்சம் வாங்கலாம். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாதம் 1,700 ரூபாய்தான் வட்டி. அந்தப் பணம் சனிக்கிழமை சம்பளத்துக்கு மட்டும். புது ஓவர்லாக் மெஷின் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கூடவே சிறு தொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தின் கிஷோர் பிரிவில், பிணையில்லாமல் நடைமுறை மூலதனக் கடன் கேட்டு வங்கியில் மனு கொடுங்கள். அந்தப் பிரிவில் 5 லட்சம் வரை வாங்கலாம்.

அப்புறம் கம்பெனி. முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள். அரசுத் தளத்தில் இலவசம், ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால், பணம் கொடுக்கும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. கம்பெனியின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். சனிக்கிழமை சம்பளத்துக்கு வாரம் 45,000 கொடுத்துவிடுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று கேளுங்கள். பதிலுக்குப் பீஸ் ரேட்டில் 1 சதவீதம் விட்டுக்கொடுத்தாலும் மாதம் 3,000தான் நஷ்டம். ஒரு கம்பெனி முகம் சுளித்து ஆர்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றலாம். 75 நாள் இழுப்பவர் போனால் போகட்டும்.

ஞாயிறு வேலையை உடனே நிறுத்த முடியாது, ஓடும் தண்டலைக் கட்டியாக வேண்டும். ஒவ்வொரு தண்டல் முடியும்போதும் ஒரு ஞாயிறைக் குறையுங்கள். மேனேஜருக்குப் பதில், செக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் மூத்த டெய்லர் ஒருவருக்கு மாதம் 2,000 கூட்டிக் கொடுத்து, வாரத்தில் இரண்டு ராத்திரி யூனிட் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.