இத்தாலியச் சொற்களின் தொடக்கத்தில் வரும் 'ஸ்': எதிர்மறையா, அழுத்தமா?

இத்தாலிய மொழி கற்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'ஃபொர்த்தூனா' என்றால் அதிர்ஷ்டம், 'ஸ்ஃபொர்த்தூனா' என்றால் துரதிர்ஷ்டம், ஆனால் 'கால்தோ' என்றால் சூடு என்றிருக்க, 'ஸ்கால்தாரே' சூடாக்குவதைக் குறிக்கிறதே, ஏன்?

இந்த முன்னொட்டு பெரும்பாலும் 'வெளியே', 'அகன்று' எனப் பொருள்படும் இலத்தீன் 'எக்ஸ்' என்பதன் தேய்ந்த வடிவமாகும். மெய்யொலிக்கு முன் அது 'எஸ்' என்றாகி, பின்னர் உயிரையும் இழந்தது. பிற்கால இலத்தீன் பேச்சில், நம்மூரில் 'இஸ்கூல்' என்பதைப் போலவே, 'ஸ்' தொடங்கும் சொற்களுக்கு முன் ஓர் உயிரொலி வருவதும் போவதுமாக இருந்ததால், 'எக்ஸ்' தந்த உயிரும் அவ்வாறே உதிர்ந்தது. எழுத்து மூலமாக என்பதற்கு இன்றும் வழங்கும் 'பெர் இஸ்கிரீத்தோ' அப்பழக்கத்தின் எச்சம்.

'பியெகாரே' மடித்தல், 'ஸ்பியெகாரே', இலத்தீன் 'எக்ஸ்பிளிகாரே' வழியே, மடிப்பை விரித்தல், அதிலிருந்து விளக்குதல். 'காரிகாரே' சுமை ஏற்றுதல். 'ஸ்காரிகாரே' இறக்குதல், கைபேசியில் பதிவிறக்குவதும் அதுவே. விலகல், நீக்கல் என்ற இப்பொருளிலிருந்தே எதிர்மறை பிறந்தது. ஆனால் இலத்தீனிலேயே 'எக்ஸ்' முழுமையாக, முடியும்வரை என்ற பொருளையும் தந்தது. சூடாக்குவதைக் குறிக்கும் 'ஸ்கால்தாரே' இவ்வழியில் வந்தது. அடித்தலைக் குறிக்கும் 'பாத்தெரே', முட்டையை நன்றாக அடித்துக் கலக்கும்போதோ கதவை ஓங்கிச் சாத்தும்போதோ 'ஸ்பாத்தெரே' ஆகிறது.

'திஸ்' என்ற இன்னொரு முன்னொட்டும் இதனுடன் கலந்துவிட்டது. வருத்தம் தெரிவிக்க 'மி திஸ்பியாச்சே', 'மி ஸ்பியாச்சே' இரண்டையும் சொல்லலாம். உயிருக்கு முன் 'ஸ்' ஒட்டாது என்பதால், நேர்மையான என்னும் 'ஒனெஸ்தோ'வின் எதிர்ச்சொல் 'திசொனெஸ்தோ' மட்டுமே.

எனவே பொருளை முன்னொட்டை மட்டும் வைத்துக் கணிக்க வேண்டாம். வினையை அதன் இணையோடு சேர்த்தே கற்பது நல்லது என்பேன். 'ஸ்' நீக்கிய பின் எஞ்சுவது ஒரு சொல்லாக இருந்தால் மட்டும் போதாது, பொருளும் தொடர்புற வேண்டும். ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா'வில் 'ஸ்' நீங்கினால் 'இறங்குகிறது' என்னும் 'காலா' எஞ்சும். ஆயினும் அங்கே 'ஸ்' இலத்தீனிலேயே வேரின் பகுதி. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும், ஆங்கில 'the' போன்ற சுட்டிடைச்சொல்லும் இதில் உதவாது: முன்னொட்டுள்ள 'ஸ்கோந்தோ' (தள்ளுபடி), முன்னொட்டில்லாத 'ஸ்தூதெந்தே' (மாணவர்) இரண்டுமே 'லோ' என்பதையே ஏற்கின்றன.